முரோய் சாருக்குத் தெரியக் கூடாது

காலை எட்டு இருபதுக்குச் செய்தி வந்தது. மசுயே அப்போது பட்டறையின் பின்கட்டில் நின்று, முந்தின இரவு மிஞ்சிய மிஸோ சூப்பைச் சுடவைத்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனையிலிருந்து பேசிய பெண் அளவுக்கு மீறி மரியாதையாகப் பேசினாள். அந்த மரியாதையைக் கேட்டதுமே மசுயேவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பித்தப்பையில் கல் என்று போய்ப் படுத்திருந்த அவள் புருஷன் கடோனோ இசாவோ, மறுநாள் நடக்கவிருந்த அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கவில்லை. காலைக் கஞ்சியில் உப்பில்லை என்று நர்ஸோடு மல்லுக்கு நின்ற கையோடு, நெஞ்சு நின்று, அறுபத்தைந்தாவது வயதில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

முந்தின மாலை பார்வை நேரம் முடிந்து அவள் கைப்பையை எடுத்தபோது அவன் அவள் கையைப் பிடித்தான். நாற்பது வருஷத்தில் அவன் தானாக அவள் கையைப் பிடித்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவள் கொஞ்சம் கலங்கித்தான் போனாள்.

"ஏ மசுயே, பெஞ்சு மேல பழைய பிஸ்டன் நாலும் அப்படியே கிடக்கு. மூடி வை. வாத்தியார் பார்த்துட்டாருன்னா கெட்டுது குடி."

"இதுக்கா கையப் புடிச்ச?"

"வேற எதுக்குப் புடிப்பாங்க?"

அவன் அவளிடம் கடைசியாகப் பேசியது அதுதான். ஒரு பெண்ணுக்குப் புருஷன் விட்டுப்போகும் கடைசி வார்த்தை வேறு ஏதாவதாக இருந்திருக்கலாம். ஆனால் கடோனோ அப்படிப்பட்ட ஆள் இல்லை. வேறு ஏதாவது சொல்லியிருந்தால் மசுயே அப்போதே டாக்டரைக் கூப்பிட்டிருப்பாள்.

வாத்தியார் என்று அவன் சொன்னது முரோய் சாரை. ஊரெல்லாம் அவரை முரோய் சார் என்றது. கடோனோ மட்டும் வாத்தியாரே என்பான். அதில் மரியாதை பாதி, கொழுப்பு பாதி. கதை தொடங்கியது நாற்பது வருஷத்துக்கு முன்னால்.

கடோனோவின் பட்டறை ஹிகாஷி ஒசாகாவில், தக்காயிதா ரயில் நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் இருந்தது. பழைய மோட்டார் சைக்கிள்களின் எஞ்சினைப் பிரித்துப் புதுசாக்குவது அவன் தொழில். அதிலும் நாலு சிலிண்டர் நானூறு சி.சி. வண்டி என்றால் ஒசாகாவில் பாதிப் பேர் அவனிடம்தான் வருவார்கள். காரணம், பெரிய பிஸ்டன். ஐம்பத்தொரு மில்லிமீட்டர் சிலிண்டரை ஐம்பத்து நாலரைக்குக் குடைந்து, அதற்கேற்ற பிஸ்டனை இறக்கிவிடுவான். பார்வைக்கு அதே வண்டி, அதே டாங்க், அதே '400' தகடு. உள்ளே நானூற்று ஐம்பத்தைந்து. தெருமுனையில் ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் வண்டி எட்டி உதைக்கும்.

சாதாரண உரிமத்துக்கு நானூறுதான் எல்லை. அதற்கு மேல் ஓட்டப் பெரிய உரிமம் வேண்டும். அந்தக் காலத்தில் அதற்கான தேர்வு, ஊசிக் காதில் யானையை ஓட்டிப் போகிற சமாசாரம். கடோனோ யார் வந்தாலும் முதலில் கையை நீட்டுவான். "உரிமத்தக் காட்டு, அப்புறம் பிஸ்டனக் காட்டறேன்." எத்தனையோ விஷயத்தில் கோணலாக நடந்தவன், இதில் மட்டும் நூல் பிடித்த மாதிரி நின்றான். ஏனென்றால் அந்த உரிமம் அவனிடம் கிடையாது. இருபத்து மூன்று தடவை தேர்வுக்குப் போனான். இருபத்து மூன்று தடவையும் தோற்றான். இருபத்து மூன்று தடவையும் தோற்கடித்தவர் ஒரே அதிகாரி: முரோய்.

ஓட்டத் தெரியாமல் தோற்கவில்லை. காதுதான் அவனுக்குச் சத்துரு. ஏழாவது தடவை, வளைவுகளெல்லாம் பூப்போல முடித்து, ஒற்றைப் பலகைப் பாலமும் தாண்டி, நிறுத்தக் கோட்டில் நின்றான். தேர்வு வண்டியின் எஞ்சின் சும்மா ஓடும்போது ஒரு சிலிண்டர் நொண்டுவது அவன் காதில் விழுந்தது. பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை. இறங்கிச் சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கார்புரேட்டரைக் கால் திருகு திருகிவிட்டு மறுபடி ஏறினான். ஒலிபெருக்கியில் முரோயின் குரல் வந்தது: "எண் பதினாலு. வண்டியை விட்டு இறங்கியதால் தேர்வு முடிந்தது." அடுத்து அதே வண்டியில் ஏறிய பையன், எஞ்சின் வெண்ணெயாக ஓட, ஒரே தடவையில் தேறிவிட்டான். பதினோராவது தடவை பக்கத்துப் பாதையில் போன வண்டியின் சங்கிலி தொய்ந்திருப்பதைக் கத்திச் சொன்னான். பதினாறாவது தடவை, முரோயிடமே போய், "சார், இந்தக் கிளட்ச் கம்பி இன்னும் பத்து பேரைத் தாங்காது" என்றான். ஒன்பதாவது ஆள் ஓட்டும்போது அறுந்தது. அதற்காக யாரும் மதிப்பெண் போடவில்லை.

ஒவ்வொரு தடவையும் முரோய் தாளில் முத்திரை குத்திவிட்டு, எல்லோருக்கும் சொல்கிற அதே ஆறுதலைச் சொல்வார்: "வருத்தப்படாதீங்க. மனுஷனுக்கு நானூறே போதும்."

கடோனோ பன்னிரண்டாவது தடவை தோற்ற அன்று, துணைக்குப் போன மசுயே எரிச்சலில் தானும் ஒரு விண்ணப்பம் வாங்கி எழுதிக் கொடுத்தாள். மூன்றாவது முயற்சியில் தேறிவிட்டாள். அன்றிலிருந்து பட்டறையில் புதிதாகக் கட்டிய ஒவ்வொரு எஞ்சினையும் ஓட்டிப் பார்க்கிற வேலை அவளுடையது. அவன் சந்து முனையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். அவள் ஒரு சுற்று போய் வருவாள்.

"மூணாவது சிலிண்டர் என்னமோ முனகுதே?" என்பான்.

"அது நான்தான். சீட்டு குத்துது" என்பாள்.

சட்டம் மாறி, ஓட்டுநர் பள்ளியிலேயே பெரிய உரிமம் வாங்கலாம் என்று வந்தபோது ஊரே போய் வாங்கியது. கடோனோ போகவில்லை. "குடுத்தா முரோய் குடுக்கணும். கடைச்சரக்கு எனக்கு வேண்டாம்."

முரோய் ஓய்வு பெற்றார். பெற்ற மறுமாதம், எங்கேயோ வாங்கிய நாலு சிலிண்டர் நானூறு ஒன்றைத் தள்ளிக்கொண்டு, விசாரித்து விசாரித்து, கடைசியில் இந்தச் சந்துக்கே வந்து சேர்ந்தார். வாசலில் நின்று வலது பார்த்தார், இடது பார்த்தார், திரும்பிப் பின்னால் பார்த்தார், பிறகு உள்ளே வந்தார். கடோனோவைப் பார்த்ததும் கொஞ்சம் யோசித்து, "எண் பதினாலு" என்றார்.

"வாங்க வாத்தியாரே" என்றான் கடோனோ.

எஞ்சின் புகைந்தது. பிரித்து, சிலிண்டரைக் குடைந்து, ரிங் மாற்ற வேண்டும். "நிதானமா செய்யுங்க. எனக்கு வேகமெல்லாம் வேண்டாம். மனுஷனுக்கு நானூறே போதும்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். இருபத்து நாலாவது தடவையாக அதைக் கேட்ட கடோனோ சிறிது நேரம் சிலிண்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மேல் தட்டிலிருந்து ஐம்பத்து நாலரை பிஸ்டன் பெட்டியை இறக்கினான்.

"யோவ், வேண்டாம்யா" என்றாள் மசுயே.

"அவர்கிட்ட உரிமம் இருக்கு. நான் விதி மீறலையே."

எந்த வண்டிச் சொந்தக்காரரும் தன் எஞ்சினைத் திறந்த நிலையில் பார்க்கக் கூடாது, அது குளியலறையில் எட்டிப் பார்க்கிற மாதிரி என்று ஒரு புது விதியை அவனே உண்டாக்கி, முரோயைப் பட்டறைக்கு வெளியே நிறுத்தினான். விதி என்றால் முரோய் கேள்வி கேட்கமாட்டார். வண்டி தயாரானது. அவர் இக்கோமா மலை ஏறி இறங்கி வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றியபோது முகம் இருபது வயதுப் பையனுடையதாக இருந்தது.

"பார்த்தீங்களா கடோனோ? ஐந்நூறு வண்டி ஒண்ண மேட்டுல தாண்டிட்டேன். எல்லாம் முழங்கால்ல இருக்கு. டாங்க முழங்காலால இறுக்கணும். நானூறே போதும்னு நான் சும்மாவா சொன்னேன்?"

கடோனோ இடுப்பு வளைய வணங்கினான். பின்கட்டுக்குப் போய்த் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தான். மசுயே முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

அது பதினாறு வருஷம் ஓடியது. மலைப் பாதையில் பாதி தூரத்தில் இருக்கும் ஊதோன் கடையில் ஞாயிறுதோறும் முரோய் சாரின் முழங்கால் உபதேசம் நடக்கும். இளவட்டங்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அதே கடையில் நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருக்கும் தக்காயிதாக்காரர்கள் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். இதற்கு நடுவில் எப்படியோ முரோய்க்குத் தினம் காலை பத்து மணிக்குப் பட்டறைக்கு வந்து ஒரு கோப்பை பார்லித் தேநீர் குடிக்காவிட்டால் பொழுது போகாது என்று ஆயிற்று. அவர் வராத நாள் கடோனோ பத்து ஐந்துக்கெல்லாம் சந்துக்குப் போய் எட்டிப் பார்ப்பான்.

இந்த இலையுதிர் காலத்தில் அந்த எஞ்சின் மறுபடி புகைந்தது. பழைய பிஸ்டன் தேய்ந்துவிட்டது. கடோனோ அதைப் பிரித்து, இந்தத் தடவை இன்னும் அரை மில்லி கூட்டி, ஐம்பத்தைந்துக்குப் போக முடிவு செய்திருந்தான். அந்த நேரம் பார்த்துத்தான் பித்தப்பை வலித்தது.

மசுயே மருத்துவமனைக்குப் போய், பார்க்க வேண்டியதைப் பார்த்து, கையெழுத்துப் போட வேண்டியதில் போட்டுவிட்டு, ஒன்பதே முக்காலுக்கு ஸ்கூட்டரில் திரும்பினாள். கடோனோவின் தம்பி அங்கேயே இருந்தான். உடலைக் குளிப்பாட்டி உடுத்தி மதியத்துக்குள் கொண்டுவருகிறோம், வீட்டில் இடம் ஒழித்து வையுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். எதிர் வீட்டு ஹனாயோ அதற்குள் வந்து பின்கட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். சந்து முனை வரை கேட்கும் குரல் அவளுக்கு. அன்றைக்கு அது பாதியாகக் குறைந்திருந்தது.

மசுயே பட்டறைக்குள் காலை வைத்ததும் கண்ணில் பட்டது பெஞ்சுதான். செய்தித்தாள் மேல் நாலு பழைய பிஸ்டனும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தலையில் '54.5' என்று பொறித்திருந்தது. மூடி வை என்று அவன் சொல்லி ஒரு இரவு முழுதும் ஆகியிருந்தது. அவள் மறந்தே போயிருந்தாள். பதினாறு வருஷம் அவன் பொத்திப் பொத்தி வளர்த்த ஒரே குறும்பு. அவன் போன அன்றே, அவள் கவனக் குறைவால் உடைந்தது என்று இருக்கக் கூடாது. வேறு எதற்கும் அவள் அழவில்லை; இதற்கு அழுதாள்.

சந்தில் காலடி கேட்டது. நின்றது. வலது பார்த்து, இடது பார்த்து, பின்னால் பார்க்கிற அளவுக்கு நின்றது.

மசுயே நாலு பிஸ்டனையும் மடியில் வாரிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடி, கைக்குக் கிடைத்த மூடியுள்ள பாத்திரத்தில் போட்டு மூடினாள். அது ரைஸ் குக்கர்.

முரோய் சார் சாம்பல் நிறக் கோட்டில், கையில் ஜெபமாலையோடு உள்ளே வந்தார். எழுபத்தாறு வயதிலும் முதுகு அளவுகோல் போல நின்றது. வணங்கினார். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரில் கடோனோவின் நாற்காலி காலியாக இருந்தது. எழுந்து, தன் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். இப்போது அவர் முகம் நேராகப் பின்கட்டைப் பார்த்து இருந்தது.

"மணி பத்து" என்றார்.

"ஆமா சார்" என்றாள் மசுயே.

ஹனாயோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, தலைமாட்டுல வைக்கச் சோறு வடிக்கணும்ல? நான் வெச்சிடறேன்" என்று அரிசி அளந்துகொண்டு வந்து குக்கரைத் திறந்தாள்.

உள்ளே நாலு பிஸ்டன்.

ஹனாயோ குக்கரைப் பார்த்தாள். மசுயேவைப் பார்த்தாள். முரோய் சாரைப் பார்த்தாள். ஊதோன் கடையில் கிண்ணத்துக்குள் முகம் புதைத்தவர்களில் அவளும் ஒருத்தி. மூடியை மெதுவாக மூடினாள்.

"இன்னும் வேகல" என்றாள்.

"அரிசி உங்க கையில இருக்கே?" என்றார் முரோய்.

"இது... அடுத்த ஈடு சார். நிறைய பேர் வருவாங்கல்ல. நான் எங்க வீட்லயே வெச்சு எடுத்தாறேன்." அரிசியோடு ஓடியே போய்விட்டாள்.

மசுயே மூச்சு விட்டாள். விட்ட மூச்சு பாதியில் நின்றது. சிலிண்டர்! சிலிண்டர் பட்டறையில் இல்லை, சுற்றில் இருந்தது.

தக்காயிதாவில் எந்தப் பட்டறையும் ஒரு வேலையை முழுசாகச் செய்வதில்லை. ஒருவர் குடைவார், அடுத்தவர் உள்சுவரை இழைத்து ஹோனிங் போடுவார், மூன்றாமவர் கேஸ்கெட் வெட்டுவார், நாலாமவர் அளந்து பார்ப்பார். வேலை கைமாறிச் சுற்றி வரும். மெஷின் இரைச்சலில் வாய்ச் சொல் எடுபடாது என்பதால், செய்ய வேண்டியது எல்லாம் ஒரு சீட்டில் எழுதிச் சாமானோடு கட்டப்பட்டிருக்கும். செய்தவர் அதன் அடியில் தன் முத்திரையைக் குத்துவார். சீட்டில் எழுதாததை யாரும் செய்யமாட்டார்கள். எழுதியதை யாரும் செய்யாமல் விடமாட்டார்கள்.

அவள் தொலைபேசியை எடுத்து ஃபுகாயைக் கூப்பிட்டாள். சிலிண்டர் குடைகிற பெரியவர், சுற்றுக்குத் தலைவர் மாதிரி. மணி அடித்துக்கொண்டே இருந்தது. சந்து முனையில் ஒரு குட்டி லாரி நிற்கும் சத்தமும் கூடவே கேட்டது.

ஃபுகாய் எண்ணெய்க் கறை படிந்த வேலை உடுப்போடு, ஒரு கையில் பாலித்தீனில் சுற்றிய சிலிண்டரையும் மறு கையில் புது பிஸ்டன் பெட்டியையும் தூக்கிக்கொண்டு, அழுதுகொண்டே வந்தார்.

"மசுயேம்மா... போயிட்டானே படுபாவி! செத்தவன் வேலை கைல தங்கக் கூடாது. காலைலேர்ந்து நாலு பட்டறையும் அவன் வேலையத்தான் பார்த்தோம். இந்தா, முடிச்சாச்சு. பிடி!"

"ஃபுகாய் அண்ணே, உள்ள, உள்ள வெச்சிடுங்க..."

கண்ணீரில் ஃபுகாய்க்கு எதுவும் தெரியவில்லை. நாற்காலியிலிருந்து யாரோ ஆள் எழுந்து கை நீட்டுவது தெரிந்தது. சிலிண்டரை அந்தக் கையில் வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் ஆளைப் பார்த்தார். அழுகை சட்டென்று நின்றது.

முப்பத்தைந்து வருஷம் தாள் பார்த்த கண். முரோய் சிலிண்டரைப் பார்க்கவில்லை. அதில் கட்டித் தொங்கிய சீட்டைப் பார்த்தார். கடோனோவின் கையெழுத்து. அவர் அதைத் தேர்வு முடிவு வாசிக்கிற குரலில் வாசித்தார்.

"நாலு சிலிண்டர். ஐம்பத்து நாலரையிலிருந்து ஐம்பத்தைந்து. பிஸ்டன் கூட வருகிறது. இடைவெளி நூறில் நாலு. முரோய் சாருக்குத் தெரியக் கூடாது."

கடைசி வரி மட்டும் பெரிய எழுத்தில், இரண்டு கோடு போட்டிருந்தது. அதன் அடியில் நாலு பட்டறைகளின் நாலு சிவப்பு முத்திரை. கேஸ்கெட் வெட்டுகிறவர் தன் முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகமும் வரைந்திருந்தார்.

"ஏன் அண்ணே, சீட்டக் கிழிச்சுப் போட்டுட்டு வரக் கூடாதா?" என்றாள் மசுயே, பல்லைக் கடித்துக்கொண்டு.

"சீட்டு இல்லாம எப்படிம்மா சாமான ஒப்படைக்கிறது?" என்றார் ஃபுகாய். உண்மையாகவே அவருக்கு அது புரியவில்லை.

முரோய் உதட்டுக்குள் கணக்குப் போட்டார். "நானூத்தி அறுபத்தி மூணு" என்றார். "இதுக்கு முன்னாடி?"

"நானூத்தி அம்பத்தஞ்சு."

"எப்பலேர்ந்து?"

"நீங்க முதல் தடவ வண்டி விட்ட நாள்லேர்ந்து சார்."

அவர் சிலிண்டரைப் பெஞ்சின் மேல் வைத்தார். கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார். "அப்ப என் முழங்கால்?"

ஃபுகாய் கூரையைப் பார்த்தார்.

"பதினாறு வருஷம் தப்பான வண்டிக் காகிதத்தோட ரோட்டுல ஓட்டியிருக்கேன்" என்றார் முரோய். "நான்." வாசல் பக்கம் திரும்பினார். இந்த மனுஷர் இப்போது போனால் நாளை சடங்குக்கும் வரமாட்டார், இனி எந்தப் பத்து மணிக்கும் வரமாட்டார் என்று மசுயேவுக்குத் தெரிந்துவிட்டது. கடோனோ என்ற பெயர் அவர் வாயில் ஏமாற்றுக்காரன் என்று மாறிவிடும். அவள் வேறு வழி தெரியாமல் உள்ளதைச் சொன்னாள்.

"நேத்து சாயங்காலம் என் கையப் புடிச்சான் சார். நான்கூட என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். பிஸ்டன மூடி வை, வாத்தியார் பார்த்துட்டா கெட்டுது குடின்னான். அதோட சரி. வேற ஒண்ணும் சொல்லல. எனக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல. போற நேரத்துலயும் அவனுக்கு உங்க நெனப்புத்தான்."

முரோய் திரும்பவில்லை. ஆனால் நடக்கவும் இல்லை.

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"சுத்துல நாலு பட்டறை. ஹனாயோ. ஊதோன் கடைக்காரர், அவர் பொண்டாட்டி..."

"தபால்காரர்" என்று ஃபுகாய் எடுத்துக் கொடுத்தார். "அப்புறம் நம்ம கோயில் சாமியார். அவர் வண்டியும் நானூத்தி அம்பத்தஞ்சுதான்."

"ஆக எனக்கு மட்டும்தான் தெரியாது."

"உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதானே சார் எல்லாரும் கஷ்டப்பட்டோம்" என்றார் ஃபுகாய் மனத்தாங்கலோடு. "சிரிப்ப அடக்கி அடக்கி எனக்குக் குடலிறக்கமே வந்துது."

முரோய் சீட்டை மறுபடி எடுத்தார். பிறகு கோட்டின் உள்பையிலிருந்து தன் முத்திரைப் பேழையை எடுத்தார். ஒரு காலத்தில் இருபத்து மூன்று தாளில் விழுந்த அதே முத்திரை. மையில் ஒற்றி, சீட்டைப் பெஞ்சின் மேல் நேராக வைத்து, நாலு சிவப்பு வட்டத்துக்கும் பக்கத்தில், வரிசை பிசகாமல் ஐந்தாவதாக அழுத்தினார். 'முரோய் சாருக்குத் தெரியக் கூடாது' என்பதன் கீழே 'முரோய்' என்று பதிந்தது.

"படிச்சேன். ஒத்துக்கிறேன்" என்றார். "முரோய்க்கு இது தெரியாது. ஞாயித்துக்கிழமை ஊதோன் கடையில முழங்கால்தான் காரணம். யாராவது சிரிச்சா..." ஃபுகாயைப் பார்த்தார்.

"யாரு சிரிப்பா? வயித்துல பெல்ட்டு கட்டியிருக்கேன்" என்றார் ஃபுகாய். சொல்லிவிட்டு மறுபடி அழத் தொடங்கினார். அழுகையோடேயே, சேதி சொல்ல மற்ற மூன்று பட்டறைக்கும் லாரியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

விதியை மதித்து இதுவரை எட்டிப் பார்க்காத மூலைக்குப் போய், முரோய் முதல் தடவையாக அந்த எஞ்சினைத் திறந்த நிலையில் பார்த்தார். எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸின் நாலு வாயிலிருந்தும், பிஸ்டனைத் தாங்குகிற நாலு ராடு, சோறு கேட்கிற கை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"இது இப்படியேவா இருக்கும்?"

மசுயேவும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊதுவத்தி ஏற்றுவார்கள். இருபது முப்பது பேர் வந்து நிற்பார்கள். சாம்பல் ஒரு துளி உள்ளே விழுந்தால் பேரிங்கில் போய் உட்காரும். திறந்த எஞ்சினைச் சாம்பலில் விட்டாள் என்று தெரிந்தால் கடோனோ எழுந்து உட்கார்ந்து திட்டுவான்.

"பிஸ்டன் மாட்டி, சிலிண்டர இறக்கி மூடிடலாம் சார். ஒரு ஆள் புடிச்சுக்கணும்."

முரோய் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, கடோனோவின் நாற்காலியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

முதலில் கிராங்க் கேஸின் வாயில் துணியை அடைத்தாள். கிளிப் ஒன்று தவறி உள்ளே விழுந்தால் எஞ்சினைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டியிருக்கும். ரிங் ஒவ்வொன்றையும் சிலிண்டருக்குள் வைத்து, வாய் இடைவெளியைத் தகடு விட்டுப் பார்த்தாள். ஒன்று இறுகியது, இரண்டு இழுப்பு அரம் போட்டுச் சரிசெய்தாள். மூன்று ரிங்கின் வாயும் ஒரே நேர்க்கோட்டில் வராமல் திருப்பி வைத்தாள். முதல் பிஸ்டனை வெந்நீர்ப் பையில் சூடாக்கி, ராடின் மேல் அவர் பிடிக்க, இரண்டையும் கோக்கும் பின்னை எண்ணெய் தொட்டுத் தள்ளினாள். வழுக்கிக்கொண்டு போயிற்று. அது நழுவாமல் இருபுறமும் கிளிப்பைக் காடியில் அழுத்தினாள். 'டிக்' என்றது.

"சத்தம் வந்துதா?" என்றார் முரோய்.

"வந்துது."

"முதல் பிஸ்டன், தேர்ச்சி."

இரண்டாவதும் அப்படியே போயிற்று. மூன்றாவதை அவர் பிடித்தபோது மசுயே பின்னைத் தள்ளாமல் நின்றாள்.

"என்ன?"

"தலைல அம்புக்குறி இருக்கு பாருங்க. அது முன்பக்கம் பார்க்கணும். நீங்க பின்பக்கம் பார்த்துப் புடிச்சிருக்கீங்க."

முரோய் குனிந்து பார்த்தார். உண்மைதான்.

"எண் பதினாலு" என்றாள் மசுயே. "தோல்வி. வருத்தப்படாதீங்க."

அவர் ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு, கடோனோ பின்கட்டுக்கு ஓடி அடக்கிய சிரிப்பு எத்தனை வருஷம் சேர்ந்து கிடந்ததோ, அத்தனையும் அந்த விறைத்த மனுஷருக்குள்ளிருந்து வந்தது. பிஸ்டனைக் கீழே போட்டுவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மசுயேவுக்கும் தொற்றிக்கொண்டது. சோற்றுக் கிண்ணத்தோடு திரும்பி வந்த ஹனாயோ வாசலிலேயே நின்றுவிட்டாள். செத்த வீட்டில் இப்படிச் சிரிக்கிறவர்களைப் பார்த்து என்ன செய்வது என்று தெரியாமல், தானும் சேர்ந்துகொண்டாள்.

அம்பைத் திருப்பி மூன்றாவதை மாட்டினார்கள். நாலாவதைச் சூடாக்கி, பின்னைத் தள்ளி, உள்பக்கக் கிளிப்பை அழுத்தியபோது, சந்துக்குள் நுழைய முடியாத கறுப்பு வண்டி முனையிலேயே நின்று ஒரு தடவை மெதுவாக ஒலி எழுப்பியது.

மசுயே கையைத் துடைத்துக்கொண்டாள். முரோய் கோட்டை எடுத்துப் போட்டுப் பொத்தானை மாட்டினார். இருவரும் வெளியே போனார்கள்.

நாலாவது பிஸ்டனின் வெளிப்பக்கக் கிளிப் இன்னும் மாட்டவில்லை.